சிபாரி மாய் யாருடைய அம்மா? டிரினிடாட்டின் கலப்புப் பண்பாட்டுக்கு ஓர் அறிமுகம்

டிரினிடாட் தீவின் தெற்கே சிபாரியா என்று ஓர் ஊர். அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் கறுத்த முகமுடைய மாதா சிலை ஒன்று இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அவள் பெயர் 'லா டிவினா பாஸ்தோரா', அதாவது ஆடு மேய்க்கும் தெய்வத்தாய். ஆண்டுதோறும் பெரிய வியாழன் இரவும் மறுநாள் பெரிய வெள்ளியும் இந்த மாதாவைத் தேடி அரிசியும் எண்ணெயும் பூவும் காசும் எடுத்துக்கொண்டு கூட்டமாக வருகிறவர்கள் இந்துக்கள். சிலர் குழந்தைக்கு முதல் முடி இறக்கவே இங்கே வருகிறார்கள். அவர்கள் அவளை 'சிபாரி மாய்' என்கிறார்கள். மாய் என்றால் போஜ்புரியில் அம்மா. சிலருக்கு அவள் காளி, சிலருக்கு துர்க்கை. கத்தோலிக்கர்கள் இதே சிலைக்குத் திருவிழா எடுப்பது ஈஸ்டர் முடிந்து சில வாரங்கள் கழித்து.

இதைப் படித்ததும், அவர்கள் இந்துக்களா கிறிஸ்தவர்களா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் படியுங்கள். கையில் அரிசியோடு நிற்கும் அந்தப் பாட்டிக்கு அப்படி ஒரு கேள்வியே இல்லை. அவர் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

டிரினிடாட் டொபேகோ கரீபியன் கடலின் தென்கோடியில், வெனிசுலாவை ஒட்டி இருக்கும் இரட்டைத் தீவு நாடு. மக்கள்தொகை சுமார் 14 லட்சம். சென்னையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 35 விழுக்காட்டினர் இந்திய வம்சாவளி, 34 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வம்சாவளி. தங்களைக் கலப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 23 விழுக்காடு. மதம் என்று பார்த்தால் கத்தோலிக்கர், பல வகைப் புராட்டஸ்டண்டுகள், 18 விழுக்காடு இந்துக்கள், 5 விழுக்காடு முஸ்லிம்கள். எந்தத் தரப்புக்கும் பெரும்பான்மை இல்லை. இது முக்கியம்.

எப்படி வந்து சேர்ந்தார்கள்? தீவின் ஆதிக்குடிகளை ஸ்பானியர்கள் ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். மிஞ்சிய வாரிசுகள் அரீமா நகரில் இன்றும் சாந்தா ரோசா விழாவை நடத்துகிறார்கள். 1783-இல் ஸ்பெயின் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் தருவதாக அறிவிக்க, பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். 1797-இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. அடிமைமுறை 1834-இல் சட்டப்படி முடிந்தாலும் உண்மையான விடுதலை 1838-இல்தான். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1845 மே 30 அன்று 'ஃபத்தேல் ரசாக்' என்ற கப்பல் இருநூற்றுச் சொச்சம் இந்தியர்களை இறக்கியது. 1917 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,40,000-க்கும் மேல். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். சிறு பகுதியினர் மெட்ராஸிலிருந்து போனவர்கள். இவர்களோடு சீனர்கள், மதேராத் தீவின் போர்ச்சுகீசியர்கள், பின்னாளில் சிரியா, லெபனான் வணிகர்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இப்படிச் சேர்ந்த மக்களிடையே உருவாவதைக் 'கிரியோல்' பண்பாடு என்பார்கள். வேர் வேறெங்கோ இருக்க, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தது என்று பொருள். கேட்பவர்கள் உடனே மிக்சியில் போட்டு அரைத்த விழுது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். டிரினிடாட்டில் நடந்தது வேறு. ஒரு குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சில்லை வாயில் போட்டால் தேங்காய் தெரியும், வெண்டைக்காயைக் கடித்தால் வெண்டைக்காய் தெரியும். ஆனால் குழம்பு ஒன்றுதான். அந்த ஊரே தனக்குச் சொல்லிக்கொள்ளும் உவமை 'கலாலூ': சேப்பங்கிழங்கு இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால், சிலசமயம் நண்டு, எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைக்கும் கீரைக் குழம்பு.

இந்தக் கலப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சகிப்புத்தன்மை, நல்லிணக்கம் என்று அழகான சொற்களில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. டிரினிடாட்டின் கலப்பில் பெரும்பகுதி தடையிலிருந்து வந்தது. ஆட்சியாளர்கள் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிடுங்கப்பட்டவர்கள் பக்கத்தில் கிடைத்த இன்னொன்றை எடுத்துக்கொண்டார்கள். இதை முரசின் கதையில் பார்ப்பதுதான் எளிது.

பிரெஞ்சு முதலாளிகள் தவக்காலத்துக்கு முன் முகமூடி விருந்துகள் நடத்துவார்கள். கார்னிவலின் தொடக்கம் அதுதான். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. கரும்புத் தோட்டம் தீப்பற்றினால் மட்டும் நள்ளிரவில் அடித்து எழுப்பி, தீப்பந்தத்தோடு விரட்டிக் கரும்பை வெட்டவைப்பார்கள். எரிந்த கரும்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் மருவி 'கான்புலே' ஆயின. விடுதலை கிடைத்ததும் அதே மக்கள், அதே தீப்பந்தத்தை ஏந்தி, முரசடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தங்களை வதைத்த இரவையே திருவிழாவாக்கிக் காட்டினார்கள். எவ்வளவு பெரிய மனம் வேண்டும் இதற்கு!

ஆங்கில அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1881-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கான்புலேவை அடக்க வந்த போலீசாரோடு சிலம்பம் போலக் கம்பு வீசும் வீரர்கள் மோதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தீப்பந்த ஊர்வலத்துக்குத் தடை வந்தது, முரசுக்கும் தடை வந்தது. முரசு போனால் என்ன? மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் குத்தினார்கள், ஒன்றோடொன்று தட்டினார்கள். நீளக் குழாய் அடிக்குரல் தந்தது, குட்டைக் குழாய் மேல்குரல் தந்தது. இதற்கு 'டாம்பூ பாம்பூ' என்று பெயர். டாம்பூ என்பது முரசைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் மருவல், பாம்பூ என்பது மூங்கிலின் ஆங்கிலப் பெயர்.

1930-களில் அந்த மூங்கிலோடு பிஸ்கட் டின், வண்டியின் பிரேக் டிரம், குப்பைத்தொட்டி மூடி எல்லாம் சேர்ந்தன. தகரத்தை உள்பக்கமாகக் குழித்து, அங்கங்கே மேடாகத் தட்டினால் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சுரம் தருகிறது என்று கண்டுபிடித்தது லாவன்டீல் போன்ற ஏழைக் குடியிருப்புகளின் இளைஞர்கள். வின்ஸ்டன் 'ஸ்பிரீ' சைமன், எல்லி மேனட் ஆகிய பெயர்கள் இதில் முதன்மையானவை. டிரினிடாட்டில் பெட்ரோலியம் எடுப்பதால் எண்ணெய் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை; இரண்டாம் உலகப்போர் முடியும் வேளையில் பீப்பாயே கருவியாயிற்று. இப்படிப் பிறந்ததுதான் ஸ்டீல்பான். ஊர்க்காரர்களுக்கு வெறும் 'பான்'. பான் வாசிப்பவன் என்றால் ரௌடி என்று அப்போது பேச்சு. 1951-இல் ஒரு குழு லண்டன் போய் வாசித்ததும் பேச்சு மெல்ல மாறியது. 1992-இல் அதுவே தேசிய வாத்தியம்.

இதே 1880-களில் இன்னொரு முரசும் அடிபட்டது. இந்திய முஸ்லிம்கள் முஹர்ரத்துக்கு எடுக்கும் ஊர்வலத்துக்கு அங்கே 'ஹோசே' என்று பெயர். நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைனின் பெயரைச் சொல்லி அழும் ஓலத்திலிருந்து வந்தது. கர்பலாவில் இருக்கும் ஹுசைனின் கல்லறை மாதிரி மூங்கில் சட்டத்தில் வண்ணத்தாள் ஒட்டி 'தாஜா' செய்வார்கள். கரும்புத் தோட்டங்களில் இந்துக்களும் அதைத் தூக்கினார்கள், ஆப்பிரிக்கர்களும் முரசடித்தார்கள். எல்லாத் தோட்டத்துக் கூலிகளும் ஒன்றுகூடுவது அரசுக்குப் பயமாக இருந்தது. ஊர்வலம் நகரத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு. 1884 அக்டோபர் 30 அன்று சான் பெர்னாண்டோ நகரின் எல்லையில் தாஜாக்களோடு வந்தவர்கள்மேல் போலீசார் சுட்டார்கள். பலர் செத்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம்.

ஹோசே நிற்கவில்லை. தலைநகரின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியிலும் தென்மேற்கே செட்ரோசிலும் இன்றும் நடக்கிறது. தாஜாவோடு இரண்டு பிறைகளும் வரும். நஞ்சு வைத்துக் கொல்லப்பட்ட ஹசனுக்குப் பச்சைப் பிறை, வெட்டுண்ட ஹுசைனுக்குச் சிவப்புப் பிறை. அந்தப் பெரிய பாரத்தைத் தோளில் ஏந்தி ஆடுகிறார்கள். இரண்டு பிறைகளும் எதிரெதிரே வந்து தொட்டுக்கொள்ளும் கணம், அண்ணனும் தம்பியும் சந்திக்கும் கணம். கடைசியில் தாஜாக்களைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். இது துக்கமா கொண்டாட்டமா என்று உள்ளூர் முஸ்லிம்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. சுன்னி முஸ்லிம்களில் பலர் இதை ஏற்பதில்லை. ஆனால் அந்த ஊர்வலத்தில் ஒலிக்கும் 'டாசா' முரசு இப்போது எல்லாருக்கும் சொந்தம். களிமண் சட்டியில் ஆட்டுத்தோல் போர்த்தி, நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி, இரு குச்சிகளால் அடிப்பது. இந்துக் கல்யாணத்திலும் டாசாதான், கார்னிவலிலும் டாசாதான்.

தடையின் கதை தெய்வங்களுக்கும் பொருந்தும். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்கள் ஒரிஷா என்னும் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள். வெளிப்படையாகக் கும்பிட வழியில்லாததால் ஒவ்வொரு தெய்வமும் ஒரு கத்தோலிக்கப் புனிதரின் படத்துக்குப் பின்னால் போய் நின்றது. இடி மின்னலுக்குரிய ஷாங்கோ புனித யோவானோடு சேர்ந்தார். இரும்புக்கும் போருக்கும் உரிய ஓகுன் வாளேந்திய புனித மிக்கேலோடு சேர்ந்தார். முதலில் முகமூடியாக இருந்தது, தலைமுறைகள் போனபின் உறவாகிவிட்டது. இப்போது தடையில்லை, ஆனாலும் பல ஒரிஷாக் கோவில்களில் புனிதர்கள் அப்படியே இருக்கிறார்கள். சில இடங்களில் பக்கத்து வீட்டு இந்துத் தெய்வங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. தெய்வத்துக்கு ஒரு நிறம் என்று மூங்கில் கம்பத்தில் கொடி கட்டுவது ஒரிஷா வழக்கம். பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் மூங்கிலில் 'ஜண்டி' என்னும் வண்ணக் கொடி நடுவது டிரினிடாட் இந்துக்களின் வழக்கம். தெருவில் நடந்து போகிற புதியவருக்கு எது எது என்று சட்டென்று தெரியாது.

ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்டுகளின் பாடு இன்னும் மோசம். கிறிஸ்துவைக் கும்பிட்டார்கள், ஆனால் ஆப்பிரிக்க முறையில்: மணி அடித்து, கைதட்டி, ஆவி இறங்கி, உரக்கக் கூவி. 'கூச்சலிடுவோர்' என்று பெயர் வைத்து 1917-இல் சட்டம் போட்டே அவர்கள் வழிபாட்டைத் தடுத்தார்கள். 33 ஆண்டுகளுக்கு மேல் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து கும்பிட்டார்கள். 1951 மார்ச் 30 அன்று அந்தச் சட்டம் நீங்கியது. 1996 முதல் அந்த நாள் தேசிய விடுமுறை.

இனி நமக்கு நெருக்கமான பகுதி. மெட்ராஸ் கப்பல்களில் போன தமிழர்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. வடக்கத்தி இந்துக்கள் அவர்களை 'மதராசி' என்று ஒருபடி கீழேதான் வைத்தார்கள். தமிழ் பேச்சுமொழியாக அங்கே பிழைக்கவில்லை. ஆனால் டிரினிடாட் சமையற்கட்டில் கறிவேப்பிலையை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'கராபுலே'. மொழி போனபிறகும் அந்த ஒரு இலை தன் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

மாரியம்மனும் போகவில்லை. காளி மாய் என்ற பெயரில் அவள் கோவில்கள் இருக்கின்றன. வேப்பிலை, மஞ்சள் நீர், அருள் வந்து ஆடுதல், குறி சொல்லுதல் எல்லாம் உண்டு. அடிக்கும் பறைக்கு இன்றும் 'தப்பு' என்றே பெயர். காளியோடு நிற்கும் தெய்வங்களின் பெயர்களைக் கேளுங்கள்: 'மெட்ராஸ் வீரன்' என்பவர் நம் மதுரை வீரன். முனீஸ்வரன் உண்டு. 'சங்கனி பாபா' என்பவர் சங்கிலிக் கருப்பன். 'நாகுரா பாபா' என்று ஒருவர், அவர் வேறு யாருமில்லை, நாகூர் ஆண்டவர். முஸ்லிம் மகான் ஒருவர் காளி கோவிலில் இருப்பது டிரினிடாட்டில் நடந்த கலப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்துக்கள் நாகூர் தர்காவில் நேர்ந்துகொள்வது சோழமண்டலக் கரையின் பழைய வழக்கம். கப்பலேறும்போதே அவரையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கலப்பு' என்றதும் சுத்தமான ஆப்பிரிக்கா, சுத்தமான இந்தியா, சுத்தமான ஐரோப்பா என்று மூன்று பாத்திரங்கள் இருந்து, பிறகு கலந்தன என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பாத்திரங்களுக்குள்ளேயே ஏற்கெனவே பல ஊர்த் தண்ணீர் இருந்தது. கப்பலில் வந்தவர்கள் கலக்கத் தெரிந்தவர்களாகவே வந்தார்கள்.

கலக்காமல் பிடிவாதமாக நின்றவர்களும் இந்தப் பண்பாட்டில் பாதி. சிவதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி 1947-இல் வாட்டர்லூ கடற்கரையில் ஒரு கோவில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. 1952-இல் கோவிலை இடித்து, அவரைச் சிறையிலும் போட்டார்கள். வெளியே வந்தவர், நிலம்தானே உங்களுடையது, கடல் யாருடையதும் இல்லையே என்று சைக்கிளில் கல்லும் சிமெண்டும் சுமந்து கடலுக்குள் கொட்டத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் தனி ஆளாகக் கடலைத் தூர்த்துக் கோவில் எழுப்பினார். அவர் காலத்துக்குப் பின் அலையில் சிதைந்ததை, இந்தியர் வந்திறங்கிய 150-ஆம் ஆண்டான 1995-இல் எடுத்துக் கட்டினார்கள். இன்று அந்தக் கோவிலைப் பார்க்க எல்லா மதத்தவரும் போகிறார்கள்.

பாட்டும் சாப்பாடும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லார்ட் ஷார்ட்டி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகர் இந்தியர்கள் நிறைந்த கிராமத்தில் வளர்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அந்த ஊரின் பழைய கார்னிவல் பாட்டான கலிப்சோ சோர்ந்துபோகிறது என்று கவலைப்பட்டு, டோலக்கின் தாளத்தை அதில் சேர்த்தார். 'சோகா' இசை பிறந்தது. இந்தியக் கல்யாண வீட்டுப் பெண்கள் பாடிய பாட்டிலிருந்து 'சட்னி' இசை வந்தது. அப்புறம் இரண்டும் சேர்ந்து 'சட்னி சோகா'. சாப்பாட்டில் ராஜா 'டபுள்ஸ்': பொரித்த மெல்லிய இரண்டு 'பாரா' ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு. 1930-களில் பிரின்சஸ் டவுனில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் விற்கத் தொடங்கியது. ஒன்றுக்குப் பதில் இரண்டு பாரா வையுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டதால் வந்த பெயராம். இன்று காலையில் வேலைக்குப் போகிற எவரும், எந்த இனமானாலும், அந்த வண்டி முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அங்கே சண்டையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அரசியல் கட்சிகள் பெரும்பாலும் இன அடிப்படையில்தான் பிரிந்து நிற்கின்றன. புரோகிதர் நடத்தும் இந்துத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததே 1940-களின் நடுவில். அதுவரை அப்படிப் பிறந்த குழந்தைகளைச் சட்டம் முறைகேடான பிள்ளைகளாகவே பார்த்தது. இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பிறந்தவர்களை 'டூக்லா' என்பார்கள். வசைச்சொல்லாக வந்த அதை இன்று பலர் பெருமையோடு தங்கள் பெயராக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் எதிர்ப்பைத் தாங்கித்தான் பல கல்யாணங்கள் நடக்கின்றன. கலாலூ உவமையையே சில இந்துக்கள் ஏற்பதில்லை. கொதித்த கலாலூவில் எது எந்தக் கீரை என்று தெரியாமல் போகும், நாங்கள் அப்படிக் கரைய விரும்பவில்லை என்கிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கேட்காமல் செய்யும் கலப்பு விழுங்குவதற்குச் சமம்.

ஒரு நல்ல உதாரணம் நாட்டின் மிக உயர்ந்த விருது. அதன் பழைய பெயர் 'டிரினிட்டி கிராஸ்', அதாவது திரித்துவச் சிலுவை. எல்லா மதத்துக்கும் சமமான இடம் என்று தேசிய கீதத்தில் பாடுகிற நாட்டில் சிலுவையை எப்படி எல்லார் மார்பிலும் குத்துவது என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வழக்குப் போட்டார்கள். இந்த விருது பாகுபாடானது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2008-இல் விருதின் பெயரே மாறியது. கலந்து வாழ்கிற ஊரிலும் அவரவர் இடத்தைக் கேட்டு வாங்கத்தான் வேண்டியிருந்தது.

டொபேகோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1889-இல்தான் அது டிரினிடாட்டோடு இணைக்கப்பட்டது. மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளி, மதத்தில் புராட்டஸ்டண்டுகள். மேலே சொன்ன இந்தியக் கலப்பு அங்கே குறைவு. நாட்டின் பெயரைச் சேர்த்துச் சொன்னாலும் இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் நாடு யாரையெல்லாம் உறுப்பினர்களாக எண்ணுகிறது என்று தெரியும். பாப்டிஸ்டுகளுக்கு மார்ச் 30, இந்தியர் வருகைக்கு மே 30, அடிமை விடுதலைக்கு ஆகஸ்ட் 1, கத்தோலிக்கரின் கார்பஸ் கிறிஸ்டி, நோன்புப் பெருநாள், தீபாவளி. ஊரே தெருவில் ஆடும் கார்னிவல் திங்களும் செவ்வாயும் மட்டும் சட்டப்படி விடுமுறை இல்லை. யாரும் வேலைக்குப் போவதும் இல்லை.

தீபாவளி 1966 முதல் விடுமுறை. அதற்கு முந்தைய நாட்களில் இளைஞர்கள் மூங்கில் வெட்டப் போவார்கள். அங்கே வழக்கமாக வெட்டுகிற மூங்கில் அந்தத் தீவின் செடியே இல்லை. அதுவும் ஆசியாவிலிருந்து போனதுதான். முரசுக்குப் பதிலாகத் தரையில் குத்தப்பட்ட மூங்கில், தாஜாவின் எலும்பாக நின்ற மூங்கில், இரு மதத்தாரின் கொடியையும் தாங்கும் மூங்கில். அதைக் கீறி, வளைத்து, வளைவும் சக்கரமுமாகக் கட்டி, கணுவுக்குக் கணு மண் அகல்களை வரிசையாக ஏற்றுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் வண்டி கட்டி அந்தத் தெருக்களுக்கு வந்து இறங்குகிறார்கள். போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் பலகாரம் இருக்கும்.